ஜெயித்தவர் எழக் கூடாது

மாமனார் பாக்கர் வீட்டுக் கேரம் பலகை முன்னால் ஆதில் மாட்டிக்கொண்டு ஒரு யுகம் ஆகிவிட்டது. அந்த வீட்டில் ஒரே சட்டம். தோற்றவர் எழுந்து போகலாம். ஜெயித்தவர் அடுத்த ஆளோடு ஆடியே தீர வேண்டும். தேவிபட்டினமே வரிசையில் நின்றது. புது மாப்பிள்ளை சட்டத்தை மீற முடியுமா?

நாளை துபாய்க்கு விமானம். அதற்குள் மனைவி நஸீஹாவைக் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். கடைசிப் படகுக்கு நேரம் நெருங்கியது.

தோற்றுத் தொலைப்போம் என்று கண்ணை மூடிச் சுண்டினான். பாம்பன் பாலம் திறந்ததும் நுழையும் படகுகள் போலக் காய்கள் வரிசையாகக் குழிக்குள் போயின.

“மாப்ள விரல்ல காந்தம்ல இருக்கு,” என்றார் பாக்கர். “அடுத்து யாரு?”

“நான் வாரேன் வாப்பா.” நஸீஹா எதிரே உட்கார்ந்து கிசுகிசுத்தாள். “ஒங்கள நான் வெளிய எடுக்குறேன் மச்சான்.”

எடுத்தாள். சிவப்புக் காயையும் சேர்த்து அள்ளி, அவனை ஒரு புள்ளிகூட இல்லாமல் தோற்கடித்தாள். ஆதில் துள்ளி எழுந்து பைக் சாவியை எடுத்தான்.

“வா, போவோம்.”

“அவ எங்கன வாரது?” என்றார் பாக்கர். “ஜெயிச்சவள்ல. நீங்க போயிட்டு வாங்க மாப்ள, படகுல தாராளமா எடம் இருக்கும்.”

ஆதில் சாவியை வைத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றான்.