ஹோம்லிக்கு எந்த அர்த்தம்?

பழனிசாமி செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடிவந்தார்.

"செல்லம், காரியம் முடிஞ்சிருச்சு! மாப்பிள்ளைக்குப் பிடிச்சிருக்காம். பொண்ணு ஹோம்லியா இருக்குன்னு சொன்னாராம்."

"அப்படின்னா?" என்றாள் செல்லம்.

"பஹுத் அச்சா, ரொம்ப நல்ல பொண்ணுன்னு அர்த்தம். கப்பல்ல வர்ற மெயின்லேண்ட் பேப்பர்ல கல்யாண விளம்பரத்துல எல்லாம் அப்படித்தான் போடுறாங்க."

செல்லம் கணவர் வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டாள். அவர்கள் மகள் விசாலாட்சிக்கும் உள்ளுக்குள் இனித்தது. மாப்பிள்ளை திருநாவுக்கரசு, கப்பலேறிப் போகவேண்டிய ரங்கத் என்ற ஊரில் ரோடு போடும் வேலையில் ஓவர்சியர். பெண் பார்க்க வந்த இடத்தில் கூச்சப்படாமல் இரண்டாம் முறை கேசரி கேட்டு வாங்கியதிலேயே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் காலை, விசாலாட்சி வீடு இருந்த பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரி ஏறிச் சாத்தம் தீவில் தன் ஆபீசுக்குப் போனாள். அங்கே அவள் டைப்பிஸ்ட். வெள்ளைக்காரன் விட்டுப்போன தலையணை அகராதி ஒன்று அலமாரியில் கிடந்தது. அந்த வார்த்தையை அச்சில் பார்த்து ரசிக்கலாமே என்று புரட்டினாள்.

வீட்டைச் சேர்ந்த, நெருங்கிப் பழகிய, சொந்தம்போன்ற. இவை பழைய வழக்கு என்று போட்டிருந்தது. அப்புறம் எளிமையான, பகட்டில்லாத. விரல் இன்னும் கீழே இறங்கியது. ஆட்களைப் பற்றிச் சொன்னால், முகத்தில் அழகில்லாத. முந்நூறு வருஷத்துக்கு முன்பே அப்படியொரு வழக்கு உண்டாம். அமெரிக்காவிலோ இன்றைக்கும் பெரும்பாலும் அதுதான் அர்த்தமாம்.

அதற்குமேல் வேலை ஓடுமா? கார்பன் தாளைத் தலைகீழாகச் சொருகி இரண்டு பக்கம் அடித்துக் கிழித்தாள். திருநாவுக்கரசு ஊர் திரும்பும் ரங்கத் கப்பல் மத்தியானம்தான் கிளம்புகிறது. சாப்பாட்டு நேரத்தில் நேராக ஜெட்டிக்கு நடந்தாள்.

பெட்டியோடு வரிசையில் நின்ற திருநாவுக்கரசு அவளைக் கண்டதும் திகைத்தான்.

"நீங்களா? என்னங்க விஷயம்?"

"ஹோம்லின்னா அழகில்லாத மூஞ்சின்னு டிக்‌ஷனரி சொல்லுது. அதைத்தான் சொன்னீங்களா?"

"ஐயையோ! சத்தியமா இல்லீங்க. நான் சொன்னது வேற... குடும்பத்துக்கு ஏத்த பொண்ணு, வீட்டோட இருந்து..."

"வீட்டோடவா? அதுக்கு அழகில்லைன்னே சொல்லியிருக்கலாம். நான் வேலையை விடுறதா இல்லை."

நாவுக்கரசு என்று பேர் வைத்தவர்கள் அப்போது அவனைப் பார்த்திருக்க வேண்டும். "அது வந்துங்க... அதாவதுங்க..." என்று குழறினான். பின்னால் நின்ற வங்காளி, "சலோ பாய், சலோ" என்று முதுகில் தட்டினார். அவன் வரிசையை விட்டு விலகினான்.

"இங்கிலீஷை விடுங்க," என்றாள் விசாலாட்சி. "என்ன நினைச்சீங்கன்னு தமிழ்லயே சொல்லுங்க."

"ரங்கத்துல ஒண்டிக்கட்டையா கிடக்கேங்க. மழை, அட்டைக்கடி, மெஸ் சாப்பாடு. உங்க வீட்டுல நீங்க அப்பாகிட்ட வம்பு பண்ணிச் சிரிச்சதைப் பார்த்தப்போ, ரொம்ப நாள் பழகின இடத்துக்கு வந்தாப்பல இருந்துச்சு. அதுக்கு வார்த்தை தெரியலை. வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன்."

அவள் கோபம் வடிந்துபோனது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "அந்த அர்த்தமும் இருக்கு. ஆனா பழசாம். இப்ப யாரும் அப்படிச் சொல்றதில்லையாம்," என்றாள்.

"நான் சொல்வேங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கப்பல் ஊதியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவன், பலகையில் கால் வைத்த பிறகு திரும்பிக் கத்தினான்:

"ரங்கத் ஃபாரஸ்ட் ஆபீஸ்ல டைப்பிஸ்ட் வேலை இருக்கான்னு விசாரிக்கட்டுமா?"

"விசாரிங்க!"

வேலை காலியில்லை. ஆனாலும் தை மாதம் கல்யாணம் நடந்தது. ஒரு வருஷம் அவள் சாத்தத்திலும் அவன் ரங்கத்திலுமாக இருந்தார்கள். லீவு கிடைத்தபோதெல்லாம், கடல் கொந்தளித்தாலும், வாந்தி எடுத்துக்கொண்டே அவன் வந்து இறங்குவான். கடைசியில் மாற்றல் வாங்கியது அவன்தான்.