மர்மோட் கொழுப்புக்கு முதல் தரம்

மர்மோட் என்னும் மலை அணில் குளிர்காலம் ஆறு மாதம் வளைக்குள் படுத்துத் தூங்குகிறது. அதற்குப் படுக்கைப்புண் வருவதில்லை. ஆகவே அதன் கொழுப்பைத் தடவினால் மனிதனுக்கும் வராது. இந்தக் கணக்குப்படி மீன் தின்றவனெல்லாம் நீந்த வேண்டும். பிறந்ததிலிருந்து ஆட்டுக்கறியே தின்று வளர்ந்த நம் தலைமை மருத்துவரோ...

குந்துஸ் நினைப்பை அங்கேயே நிறுத்திக்கொண்டாள். முகத்தில் தெரிந்துவிட்டால் வம்பு. எதிரே, செவிலியர் அறையின் ஒரே நல்ல நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மூன்றாம் முறையாக அரைக் கிண்ணம் தேநீர் ஊற்றினாள். விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான். நிரம்ப ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பொருள். நாரின் ஊரில் சிறுபிள்ளைக்கும் அது தெரியும்.

"பதினாலு பேரு, குந்துஸ்! பதினாலு பேருக்கும் புண்ணு ஆறிடுச்சு," என்றார் சகின்பெக். "பிஷ்கேக்ல இருந்து வர்ற ஆய்வுக் குழு வாயப் பொளக்கப் போகுது பாரு."

"பதினாறு பேரு, அண்ணே."

"அந்த ரெண்டு பேருதான் வீட்டுக்குப் போயிட்டாங்கள்ல?"

"புண்ணோட போனாங்க."

"பாதி விருந்துல எந்திரிச்சுப் போனவனுக்கும் சேத்தா கறி வெட்டுவாங்க? சும்மா இரும்மா."

அவர் நீட்டிய படிவத்தின் அடியில் 'சான்றின் வலிமை' என்று நான்கு கட்டங்கள் இருந்தன. 'மிக வலியது' என்ற முதல் கட்டத்தில் குறியிட்டு ஒரு செவிலி கையெழுத்துப் போட வேண்டும். ஆராய்ச்சிகளை எடைபோடுவது எப்படி என்று தலைநகர் பிஷ்கேக்கில் படித்துவிட்டு வந்தவள் அந்த மருத்துவமனையில் அவள் ஒருத்திதான். சண்டை போட்டு அவளை அங்கே அனுப்பிவைத்தவரும் இவர்தான்.

மூன்று வாரம் அவளும் நம்பினாள். பதிவேட்டில் 'ஆறியது' என்று எழுதும்போது, ஏதோ தானே அந்த மர்மோட்டை வேட்டையாடிக் கொண்டுவந்தது போல ஒரு பெருமை. நான்காம் வாரம், இடுப்பு முறிந்து படுத்திருந்த லாரிக்காரர் ஓமுர்பெக் கேட்டார்: "ஏன் தங்கச்சி, கம்பியில குத்துன கறி மாதிரி ரெண்டு மணிக்கொருக்கா திருப்பிட்டே இருக்கியே, எப்பத்தான் பரிமாறப் போற?"

சிரித்தவள் கொழுப்பு டப்பாவோடு அப்படியே நின்றுவிட்டாள். முதுகில் தடவ வேண்டுமானால் ஆளைத் திருப்பித்தானே ஆக வேண்டும்? நாளைக்குப் பன்னிரண்டு முறை. அதற்கு முன்னால் அந்த வார்டில் யாரும் யாரையும் திருப்பியதில்லை. ஆற்றியது கொழுப்பா, திருப்பியதா? திருப்பி மட்டும் விட்ட நோயாளி ஒருவர்கூட இல்லாதபோது அதை யார் சொல்வது?

இப்போது அதைத்தான் சொன்னாள். சகின்பெக் பெரிதாகச் சிரித்தார்.

"திருப்புறதுக்கு எவனாச்சும் பதக்கம் குடுப்பானா? கடைசி வரியப் படி. இவ்ளோ வீரியமான கொழுப்பு, நாளைக்கு ஒருக்கா தடவுனா போதும்னு எழுதியிருக்கேன். உங்க இடுப்புக்கும் நிம்மதி. தலைமைச் செவிலி நாற்காலி வேற சும்மாத்தான் கெடக்கு."

அந்த நாற்காலியில் தன்னை உட்கார்த்திப் பார்த்தாள். வெட்கமே இல்லாமல் நன்றாகப் பொருந்தியது. மறுத்துச் சொல்ல மனத்துக்குள் உயர்ந்த எண்ணம் ஏதாவது அகப்படுமா என்று தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. வால் எலும்பின் மேல் உள்ளங்கை அகலச் சிவப்போடு, நாள் முழுக்க ஒரே பக்கமாய்க் கிடக்கும் ஓமுர்பெக்கின் முதுகுதான் கிடைத்தது. நாளைக்கு ஒருக்கா.

"என்னம்மா யோசனை? ஒரு குறி, ஒரு கையெழுத்து."

குந்துஸ் பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைத்தாள். அவருடைய கிண்ணத்தை இரு கைகளாலும் வாங்கினாள். தேநீரை மெதுவாக, ஒரு சொட்டும் சிந்தாமல், விளிம்பு வரை ஊற்றி அவர் முன் வைத்தாள்.

"குடிங்க, அண்ணே," என்றாள். "ஓமுர்பெக் அண்ணனைத் திருப்புற நேரமாச்சு."