கூடமாட ஒத்தாசை

கேள்வி எனக்கு முன்பே தெரியும். பதிலும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நிற்க வேண்டும். போதகர் கேட்பார்: "இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்பீர்களா?" நான் சொல்ல வேண்டும்: "தேவ ஒத்தாசையினால் வளர்ப்பேன்." மூன்றே சொல். பிறகு தண்ணீர், பெயர், ஜெபம். எல்லோருக்கும் சாப்பாடு.

"எங்க, ஒருதரம் சொல்லுங்க பாப்போம்," என்றார் அத்தை. என் மனைவியின் அம்மா. அவள் இறந்த பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தவர், எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். நான் அடுப்படியில் நின்று பால் புட்டிகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை மடியில் என் மகள், மொட்டை. அது தற்காலிகப் பெயர். தலையில் முடி இன்னும் மனசு வைக்கவில்லை. சரியான பெயர் ஞானஸ்நானத்தில்தான்.

"இப்ப வேண்டாம் அத்தை."

"அன்னிக்கு மைக்குக்கு முன்னால திருதிருன்னு முழிக்கக் கூடாது மாப்பிள்ளை. உங்க மாமா கல்யாணத்தன்னிக்கு சம்மதம்னு சொல்றதுக்குப் பதிலா ஸ்தோத்திரம்னு சொன்னாரு. எங்களுக்கு முறைப்படி கல்யாணம் ஆச்சான்னு எனக்கு இன்னும் சந்தேகந்தான்."

நான் சிரித்திருக்க வேண்டும். "என்னால சொல்ல முடியாது அத்தை," என்றேன்.

"ஏன், தொண்டை கட்டியிருக்கா?"

"இல்ல. சொன்னா பொய்யாயிடும்."

பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது.

என் மனைவி துணிக்கு இஸ்திரி போடும்போது ஜெபிப்பாள். சத்தமாக. சட்டைக் காலருக்கு வரும்போது குரல் உயரும். அவள் இருந்தபோது நானும் ஜெபித்தேன். நம்பித்தான் ஜெபித்தேன். பிள்ளை பிறந்த சில நாளில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அதன் பிறகு எனக்குக் கடவுள்மேல் கோபம்கூட இல்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபப்பட எதிரில் ஒருவர் வேண்டும். கண்ணை மூடினால் இருட்டு. அவ்வளவுதான்.

ஆலயத்தில் ஆட்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தருக்குள்ள பெலனா இருக்கீங்களா?" என்று கேட்பார்கள். "ஸ்தோத்திரம்" என்பேன். நல்ல வார்த்தை. அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் நீட்டலாம்.

இதையெல்லாம் அத்தையிடம் சொல்லவில்லை. "எனக்குள்ள ஒண்ணும் இல்ல அத்தை. என்கிட்ட இல்லாததை நான் எப்படிப் பிள்ளைக்குக் குடுப்பேன்?" என்று மட்டும் கேட்டேன்.

அத்தை கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கொஞ்ச நேரம் பிள்ளையின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் அடுத்த வாரம் ஊருக்குப் போயாகணும். மாமா கால் வலியோட தனியாத் தடுமாறிக்கிட்டிருக்காரு. உங்களால முடியலன்னா இவளை நான் தூக்கிட்டுப் போயிடறேன். எங்க சபையில வெச்சு நானே பதில் சொல்லிக்கிறேன். நான் வளர்க்கிறேன். நீங்க மாசத்துல ஒருதரம் வந்து பாருங்க. குத்திக் காட்டிச் சொல்லல மாப்பிள்ளை. மனசறிஞ்சுதான் சொல்றேன்."

அதுதான் பயமாக இருந்தது. திட்டியிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். அன்பாகச் சொன்னார். சரி என்று வாய்வரை வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்றேன்," என்றேன்.

வேலைக்குப் போனேன். லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் அழைப்பு மேசை என்னுடையது. எங்காவது லிஃப்ட் நின்றுபோனால், உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். என் காதில் மணி அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவரோடு பேசிக்கொண்டிருப்பது என் வேலை. பொறியியல் படித்ததற்கு இதுதானா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குப் பிடித்த வேலை. சமீபமாக இன்னும் நன்றாகச் செய்கிறேன். என் குரலில் பதற்றமே இருப்பதில்லை.

"உனக்குப் பதற்றம் மட்டுமா இல்ல? கரன்ட் போன ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்குடா உன் குரல்," என்பான் மின்னல். மெக்கானிக். அவன் ஆமை வேகத்தைப் பார்த்து எரிச்சலில் யாரோ வைத்த பெயர்.

அன்று அவன் சாவிகளை மாட்டிக்கொண்டே என் மேசையில் சாய்ந்தான். "ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்கு விசேஷமாமே. என்னைக் கூப்பிடவே இல்ல?"

"நடக்குமான்னு தெரியல."

"ஏன்?"

"அத்தை ஊருக்குத் தூக்கிட்டுப் போறேங்கறாங்க."

மின்னல் சாவிக்கொத்தை மேசையில் வைத்தான். "நீ என்ன சொன்ன?"

"யோசிக்கிறேன்னு சொன்னேன்."

"யோசிக்க இதுல என்னடா இருக்கு? அது உன் பிள்ளை. வீட்டுல கிடக்கிற பழைய சைக்கிளா, ஆள் வந்து கேட்டதும் யோசிக்கிறதுக்கு?" சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அன்று முதல்முறையாக வேகமாக நடந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் போதகர் வீட்டுக்குப் போனேன். எங்கள் போதகருக்கு என் வயதுதான் இருக்கும். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மூக்கு சிவந்து, சளி பிடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு சின்ன கவுனைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க, வாங்க. நாளைக்கு எல்லாம் தயாரா?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். கவுன் தோளில் சொட்டிக்கொண்டே இருந்தது.

"தள்ளி வெச்சுக்கலாம். அதுல ஒரு கஷ்டமும் இல்ல," என்றார். "உங்க அத்தையை யாரு சமாளிக்கிறதுங்கறதுதான்…" தும்மினார்.

"தள்ளி வெச்சா மட்டும் எனக்கு விசுவாசம் வந்துடுமா ஐயா?"

"தெரியல."

"ஜெபம் பண்ணிப் பாத்தேன். சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு. வளரணும், வளரணும்னு பிரசங்கத்துல சொல்றீங்க. நான் இருந்த இடத்துலகூட இல்ல. கீழ போயிட்டிருக்கேன்."

"வளரணும்னு ஆசையாவது இருக்கா?"

யோசித்தேன். "பசி இல்ல. ஆனா சாப்பிடணும்னு தெரியுது."

அவர் கவுனைக் கொடியில் போட்டு கிளிப் மாட்டினார். "அது போதும்னு சொல்லி உங்களை அனுப்பிட எனக்கும் ஆசைதான். போதுமான்னு நிஜமாவே எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். நாளைக்கு நீங்க என்ன பதில் சொன்னாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன். பொய் மட்டும் சொல்லாதீங்க. முடியலன்னா, முடியலன்னு அங்கேயே சொல்லுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

வீட்டுக்கு நடக்கும்போது முடிவு செய்தேன். முன்னால் போய் நிற்பேன். என்னால் முடியவில்லை என்பேன். அத்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார். யாரும் யாரையும் ஏமாற்ற வேண்டாம். இதிலாவது நேர்மையாக இருந்துவிடலாம் என்று தோன்றியது.

ஞாயிறு காலை சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது குளியலறையிலிருந்து சத்தம்.

"மாப்பிள்ளை! கொஞ்சம் கூடமாட ஒத்தாசைக்கு வாங்க. வழுக்குது!"

ஓடினேன். நீல நிறத் தொட்டியில் மொட்டை சோப்பு நுரையோடு கையையும் காலையும் அடித்துக்கொண்டிருந்தாள். அத்தையின் முழங்கைவரை ஈரம்.

"என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். தலைக்கு அடியில கை குடுங்க. அவ்வளவுதான். மிச்சம் நான் பாத்துக்கிறேன்."

கை கொடுத்தேன். அத்தை கழுத்து மடிப்பு, கக்கம், விரலிடுக்கு என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தார். என் உள்ளங்கையில் பிள்ளையின் தலை. அதன் கனம் முழுவதும் என் கையில் இருந்தது. அவளுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை தண்ணீரை ஊற்றியதும் ஒருமுறை திகைத்து மூச்சை இழுத்தாள். அழவில்லை.

"சட்டையை நனைச்சுட்டீங்களே. வேற மாத்துங்க," என்றார் அத்தை. என் முடிவை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆலயம் நிறைந்திருந்தது. பின்வரிசையில் மின்னல், புதுச் சட்டையில். பாட்டு முடிந்தது. போதகர் என்னை அழைத்தார். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அத்தை முதல் வரிசையிலேயே நின்றுகொண்டார். போதகர் கேள்வியைக் கேட்டார். சளியில் குரல் கம்மியிருந்தது.

"இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்பீர்களா?"

என்னால் முடியவில்லை. அதுதான் பதில். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். மொட்டை கையைத் தூக்கி என் கீழுதட்டைப் பிடித்தாள். விரலை விலக்கினேன். மறுபடி பிடித்தாள். எங்கோ ஒரு அம்மா சிரித்தார். நான் சொல்ல வந்தது தொலைந்துபோனது. அச்சடித்த பதிலைத் தேடினேன். அதுவும் கிடைக்கவில்லை. மைக் முன்னால் இருந்தது. எதையாவது சொல்லியாக வேண்டும்.

"தேவன் வளர்ப்பார்," என்றேன். "நான்… நான் ஒத்தாசை பண்றேன்."

பின்னால் யாரோ களுக்கென்றார்கள். பாட்டுக் குழுவில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பதில் தலைகீழாகிவிட்டது என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. திருத்திச் சொல்லலாம் என்று நினைத்தேன். திருத்தினால் பொய்யாகிவிடும். இதில் பொய் இல்லை. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் இல்லை. நான் வளர்க்க வேண்டியதில்லை. என்னையும்கூட. தலைக்கு அடியில் கை கொடுத்தால் போதும். அதை என்னால் செய்ய முடியும். இன்றைக்கு முடியும்.

போதகர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தாளை மூடினார்.

"ஆமென்," என்றார். சபை கொஞ்சம் தயங்கிவிட்டு அதையே சொன்னது.

தண்ணீர் ஊற்றினார். பெயரைச் சொன்னார். பெயருக்குச் சொந்தக்காரி ஆலயமே அதிர அழுதாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் இருவர் இருக்கையில் நானும் அத்தையும். பிள்ளை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை அவள் கவுனை இழுத்துவிட்டார்.

"பதிலை மாத்திச் சொன்னீங்க."

"ஆமா அத்தை."

"வேணும்னேவா?"

"இல்ல. வாய் தவறி வந்துடுச்சு."

"உங்க மாமாவே தேவலை. அவரு ஒரு வார்த்தையைத்தான் மாத்தினாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பா, வேறா தெரியவில்லை. "பொய்யா?"

"பொய் இல்ல."

"இப்ப மட்டும் விசுவாசம் வந்துடுச்சா?"

"இல்ல அத்தை. அப்படியேதான் இருக்கேன். ஆனா இவளை விட முடியாது. ஜெபம் வருதோ இல்லையோ, இவளை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துக்கிறேன். மத்ததைத் தேவன் பார்த்துக்கட்டும்."

"இவளை மட்டுமா பார்க்கணும்? உங்களையும் சேர்த்து ரெண்டு பேரை வளர்க்கணும். பாவம், அவருக்கு வேலை அதிகம்." அத்தை என் தோளிலிருந்த தலையைத் தொட்டுப் பார்த்தார். "தனியாவே சமாளிப்பீங்களா?"

"நாளைக்குக் காப்பகத்துல கேக்கறேன். சாயங்காலம் அவன் அக்கா பார்த்துப்பாங்கன்னு மின்னல் இப்ப சாப்பாட்டுல சொன்னான். கஷ்டமாத்தான் இருக்கும்."

"இருக்கும். நடுராத்திரி முழிச்சா உடனே பால் குடுக்காதீங்க. தூக்கி ரெண்டு நடை நடங்க. அடங்கலன்னா அப்புறம் பாருங்க. சளி பிடிச்சா எனக்கு போன் பண்ணுங்க. சளி பிடிக்கலன்னாலும் பண்ணுங்க."

"சரி அத்தை."

எங்கள் நிறுத்தம் வந்தது. எப்போதும் இறங்குவதற்கு முன் அத்தை பிள்ளைக்காகக் கை நீட்டுவார். படியில் நான் தடுக்கிவிடுவேன் என்று அவருக்குப் பயம். இன்று நீட்டவில்லை. துணிப்பையையும் பால் புட்டியையும் எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கி, கீழே நின்று, என் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.