வாயில் குழாய், பதில் ம்ஹூம்

மேடத்தின் ‘ம்’ எத்தனை வகைப்படும் என்று அந்த ஆய்வகத்தில் ஒரு கணக்கு உண்டு. கண்டுபிடித்தவர் பெரியண்ணன். முனைவர் பட்டத்துக்கென்று மேடத்திடம் வந்து சேர்ந்தவர், தாடியில் நரை விழுந்த பிறகும் ஆய்வேட்டை முடித்தபாடில்லை. அவர் உருப்படியாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான் என்பான் ஆய்வக மாணவன் நெட்டை. குட்டையாக ‘ம்’ என்றால், காதில் விழுந்தது, போய் வேலையைப் பார். இழுத்து ‘ம்ம்ம்’ என்றால், நீ சொல்வதில் எங்கோ ஓட்டை இருக்கிறது, நீயே தேடிக்கொள். கேள்வியாக ‘ம்?’ என்றால், இன்னொரு முறை சொல், இந்தத் தடவை பூசி மெழுகாமல். ‘ம்ஹூம்’ மட்டும் இந்த வகைகளில் சேராது. ம்ஹூம் என்றால் ம்ஹூம்தான். மேல்முறையீடு கிடையாது.

அந்த ம்ஹூமைத்தான் கொசு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

கொசு என்பது ஆய்வகம் வைத்த பேர். சின்ன உருவம், ஓயாத வாய், எந்தப் பக்கம் திரும்பினாலும் காதோரம் ரீங்காரம். முதுகலை கடைசி வருஷம். ஒரு விடுமுறையில் கையுதவிக்கென்று வந்தவள், விடுமுறை முடிந்தும் போகவில்லை. மேடத்தின் ஆய்வகத்தில் வளர்ப்பது பழ ஈக்கள். அழுகின வாழைப்பழத்தைச் சுற்றுமே, எள்ளளவுக்கு, அதே ஈதான். அவை எப்போது தூங்குகின்றன, எதனால் தூக்கம் கெடுகிறது என்று பார்ப்பது வேலை.

“ஈ கூடத் தூங்குமாடி?” என்று அம்மா முதல் நாள் கேட்டாள். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், பாதி மாதம் இரவுப் பணி. “நான் தூங்கி எத்தனை நாளாச்சு. முதல்ல என்னை ஒரு பாட்டில்ல போட்டு ஆராய்ச்சி பண்ணு.”

அப்பா பஸ் டிரைவர். அவருக்கு வேறு மாதிரிக் கஷ்டம். “பொண்ணு என்ன பண்றான்னு டிப்போவில கேக்கறாங்க. ஈ ஓட்டுறான்னு சொன்னா, ஏன்யா, வேலை வெட்டி ஒண்ணும் கெடைக்கலயான்னு துக்கம் விசாரிக்கறாங்க.”

சிரிப்புக்குச் சொல்வாரே தவிர, மகள் மேலே படிக்கப் போகிறாள் என்பதில் இருவருக்கும் தலைகால் புரியாத பெருமை. அவளுக்கும் வேறு ஆசை கிடையாது. மேடத்திடமே முனைவர் பட்டத்துக்குச் சேர வேண்டும், ஜன்னலோரம் இப்போது இருக்கிற அதே மேஜையில் தொடர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். இதை மேடத்திடம் கேட்கத்தான் வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் ரீங்காரம் செய்கிற கொசு, மேடத்தின் முன்னால் போனால் கொழுக்கட்டை வைத்த வாய்.

தைரியம் எப்போதும் நேரம் பார்த்தா வருகிறது? அந்தச் செவ்வாய்க்கிழமை, மேடம் வாயில் குழாயை வைத்துக்கொண்டிருந்தபோது வந்து தொலைத்தது.

குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூக்கத்தை அளக்கப்போகிற ஈயை மயக்கிப் பிடிக்கக் கூடாது, கணக்கு கெட்டுவிடும். ஆகவே ஒரு ரப்பர் குழாய். ஒரு முனை நம் வாயில். மறுமுனையில் கண்ணாடி நுனி. நடுவில் ஒரு துண்டு வலைத்துணி, அது இல்லாவிட்டால் ஈ நேரே தொண்டைக்குள். மெல்ல உறிஞ்சினால் ஈ கண்ணாடிக்குள் வந்து வலையில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தூக்கம் அளக்கிற அளவுக்குழலில் ஊதிவிடுகிற வரைக்கும் உறிஞ்சிய மூச்சை வாய் வழியே விடக் கூடாது. வாயைத் திறந்தால் ஈ வந்த வழியே டாட்டா காட்டிவிட்டுப் போய்விடும். அந்த ஆய்வகத்தில் பாதிப் பேச்சு ‘ம்’மிலேயே நடப்பதற்கு மேடத்தின் சுபாவம் பாதிக் காரணம், இந்தக் குழாய் மீதிக் காரணம்.

“மேடம், நான் மேல படிக்கலாம்னு இருக்கேன்,” என்றாள் கொசு. “இங்கயே… உங்ககிட்டயே சேந்துக்கலாமா?”

மேடம் ஈயிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

“ம்ஹூம்.”

அடுத்த நொடி கொசு அங்கே இல்லை.

மாடிப்படியில் அவளைப் பிடித்தவன் நெட்டை. அவளோடு படிக்கிறவன், அதே ஆய்வகத்தில் பக்கத்து மேஜைக்காரன், அலமாரியின் மேல்தட்டுப் பொருளுக்கெல்லாம் ஆய்வகம் நம்பியிருப்பது அவனைத்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகமும் தொங்கிப்போனது.

“ம்ஹூம்னா சொன்னாங்க? ம்ம்ம் இல்லையே?”

“எனக்கென்ன காது செவிடா?”

“அப்ப ம்ஹூம்தான்,” என்றான். அவனுக்கு ஆறுதல் சொல்ல வராது, உண்மைதான் வரும். “விடு, வேற எடத்துக்குப் போடு. நான் நாலு எடத்துக்குப் போட்டிருக்கேன்.”

“கூடவே வச்சுப் பாத்தவங்களே வேணாங்கறாங்க. என்னைப் பாக்காதவன் எதுக்குடா எடுக்கப் போறான்?”

மேடம் வேண்டாமென்றதற்குக் காரணம் என்னவென்று அவளுக்குத் தெரியும், தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். மழைக்காலத்தில் ஒருமுறை, பெண் ஈக்களை மட்டும் பிரித்து வைத்த பாட்டிலில் ஓர் ஆண் ஈயைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். ஒருத்தன் போதாதா? கன்னிகள் என்று எழுதி ஒட்டியிருந்த பாட்டிலில் ஒரு வாரத்தில் புழு நெளிந்தது. அதோடு தொடர்ந்த வேலையெல்லாம் பாழ். யாரும் பார்க்கும் முன்னால் அவளே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் மேடத்தின் மேஜையில் வைத்துச் சொன்னாள். அன்றைக்கு மேடம் சொன்னது நீளமான ஒரு ‘ம்ம்ம்’. அந்த ம்ம்ம்தான் இப்போது ம்ஹூமாகப் பழுத்து விழுந்திருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

மேடம் மறுநாள் விடியற்காலையில் வெளியூர் கிளம்பிப் போய்விட்டார், எங்கோ தேர்வாளராக. புதன்கிழமை ஆய்வகத்துக்குள் நுழைந்த கொசு, சுவர்ப் பலகையைப் பார்த்தாள். அடுத்த வருஷத்துக்கு யாருக்கு எந்த மேஜை என்று மேடத்தின் கையெழுத்தில் இருந்தது. ஜன்னலோர மேஜைக்கு நேரே அவள் பேர் இல்லை. புதிதாக வந்த முதல் வருஷப் பெண்ணின் பேர் இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவள் கண்ணுக்கு வெள்ளைப் பலகையே பேயாகிப் போனது. மேடத்துக்கு மெயில் எழுதினாள், அழித்தாள், எழுதினாள், அழித்தாள்.

வீட்டில் சொன்னபோது அப்பா, “உனக்கே பிடிக்காம வந்துட்டேன்னு சொல்லிக்கலாம் கண்ணு,” என்று டிப்போவுக்கான பதிலைத் தயார் செய்தார். அம்மாவின் தம்பி, ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிற சின்ன மாமா, அன்று சாயங்காலமே போனில் வந்தார்.

“ரத்தமும் ஆராய்ச்சிதாண்டி. திங்கக்கெழமை வந்து சேரு. கொசுவுக்கு ரத்தத்த விட்டா வேற என்ன வேணும்?”

நல்ல மனுஷர், நல்ல வேலை. அவள் சரி மாமா என்றாள். சொல்லி முடித்துக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அது வெளியே கேட்டது. அன்று இரவுப் பணி இல்லாத அம்மாவும் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேஜையைக் காலி செய்ய வந்தாள். டப்பாவில் தன் இடுக்கியையும் தூரிகையையும் போட்டுக்கொண்டிருந்தபோது, தோளில் பயணப் பையோடு மேடம் உள்ளே வந்தார்.

“என்ன, இப்பவே மூட்டை கட்டறே? சரி, கொசுக்காரருக்கு விண்ணப்பம் அனுப்பிட்டியா?”

“எந்தக் கொசுக்காரர் மேடம்?”

“என் பழைய சிநேகிதர். கொசு எப்படித் தூங்குதுன்னு பாக்கற ஆய்வகம், உனக்குன்னே கட்டின மாதிரி. பெரியண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன், உன்கிட்ட சொல்லச் சொல்லி?”

எல்லோரும் பெரியண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தாடியைச் சொறிந்தார். “சொல்லணும்னுதான் இருந்தேன்,” என்றார். ஆய்வேட்டைப் பற்றிக் கேட்டாலும் அவர் சொல்வது இதைத்தான்.

“ஆனா மேடம்,” என்றாள் கொசு, “நீங்கதான் ம்ஹூம்னீங்களே.”

“ம்?”

“மேல படிக்கவான்னு கேட்டேன். ம்ஹூம்னு தலைய ஆட்டுனீங்க.”

மேடம் பையைக் கீழே வைத்தார். அப்புறம் பேசியது, அந்த ஆய்வகம் ஒரே மூச்சில் அவரிடம் கேட்டிராத நீளம்.

“நீ என்ன கேட்டே? உங்ககிட்டயே சேரலாமான்னு கேட்டே. என்கிட்ட வேணாம்னேன். மேல படிக்காதேன்னா சொன்னேன்? வாயில ஈ இருக்கு, வேற எப்படிச் சொல்றது? ஒரு நிமிஷம் இருன்னு வெரலக் காட்டினேன். குழாய எடுத்துட்டுத் திரும்பினா ஆளக் காணோம். சரி, பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு போலன்னு விட்டுட்டேன்.”

“ஏன் மேடம் உங்ககிட்ட வேணாம்?”

“எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கத்துக்கிட்டே. இனியும் இங்கயே இருந்தா, எனக்குத் தெரியாததெல்லாம் உனக்கும் தெரியாமயே போயிடும். இதோ, உதாரணத்துக்கு ஒருத்தர் உக்காந்திருக்காரு பாரு.”

பெரியண்ணன் இரண்டாம் முறையாகத் தாடியைச் சொறிந்தார்.

கொசு திறந்த வாய் திறந்தபடி நின்றாள். “வாய மூடு,” என்றார் மேடம். “ஈ பூந்துடப் போவுது. இங்க அது வெறும் பேச்சுக்குச் சொல்றது இல்ல.”

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது அவளுக்கு. அந்தப் பால் சரியாக உள்ளே இறங்குவதற்குள் நெட்டை கணினியிலிருந்து கத்தினான். “ஏய்! இதுக்குக் கடைசி நாள் இன்னிக்குடி! அஞ்சு மணியோட மூடிடுவாங்க!”

அதன் பிறகு நடந்ததை ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது, கல்யாண வீட்டு அடுப்படி என்று வேண்டுமானால் சொல்லலாம். நெட்டை அவளுடைய ஈக்களைப் பழைய பாட்டிலிலிருந்து புது பாட்டிலுக்கு மாற்றினான். பெரியண்ணன் பாவமன்னிப்பாகக் கல்லூரி அலுவலகத்துக்கு ஓடி மதிப்பெண் சான்றிதழ் வாங்கி வந்தார்; அவர் ஓடி அன்றுதான் பார்த்தார்கள். கொசு தட்டச்சு செய்ய, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மேடம் ஒவ்வொரு வரிக்கும் ‘ம்’ போட்டார்.

“அந்தக் கெட்டுப்போன பாட்டிலப் பத்தி எழுதலையே.”

“அதையா மேடம்? அதப் பாத்தா யார் எடுப்பாங்க?”

“பாட்டில் யாருக்கும் கெடும். எனக்கும் கெட்டிருக்கு. நீயே தூக்கிட்டு வந்து மேஜைல வச்ச பாரு, அதனாலதான் உன்னை இன்னொருத்தர்கிட்ட அனுப்ப எனக்கு தைரியம். எழுது.”

எழுதினாள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும், முதல் வேலையாகச் சின்ன மாமாவுக்குப் போன் போட்டாள். திட்டுவார் என்று பயந்தாள். “போயிட்டு வா, போ,” என்றார் மாமா. “ரத்தம் எங்க ஓடிடப் போவுது? ஒடம்புக்குள்ளதானே ஓடும்.”

நேர்காணல் கணினித் திரையில் நடந்தது. கொசுக்காரர் வழுக்கைத் தலையும் சிரித்த முகமுமாக இருந்தார். கெட்டுப்போன பாட்டிலைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். கடைசியில், அங்கே உன்னை எல்லோரும் எப்படிக் கூப்பிடுவார்கள் என்றார். அவள் சொன்னதும் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தாரே தவிர, ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். அந்த வாரங்களில் இரவுப் பணி முடிந்து வந்த அம்மா, பகலில் படுத்தும் கண்ணை மூடாமல் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவு வந்தபோது கொசுவின் வாயில் குழாய் இருந்தது.

அந்தத் தொகுதியின் கடைசிப் பெண் ஈ. சுத்தமாகப் பிரித்தெடுத்து, பெயர் எழுதி, அளவுக்குழலும் தயாராக வைத்திருந்தாள். ஈ கண்ணாடிக்குள் வந்து வலையில் ஒட்டியிருந்தது.

“வந்துருச்சு!” நெட்டை எழுந்த வேகத்தில் மேல்தட்டில் தலையை இடித்துக்கொண்டான். “கொசு, லிஸ்ட்ல உன் பேரு இருக்கு! மேலேருந்து ரெண்டாவது!”

“ம்?” என்றாள் கொசு குழாயோடு.

“அட, ஆமாங்கறேன்!”

“ம்ம்ம்!”

மேஜையில் போன் அதிர்ந்தது. அம்மா. முடிவு இன்றைக்கு என்று அம்மாவுக்குத் தெரியும். நெட்டை போனை எடுத்து அவள் காதில் வைத்தான்.

“பாப்பா,” என்றாள் அம்மா. பின்னால் வார்டுச் சத்தம். “கெடச்சுதா?”

ஒரு ‘ம்’ போதும். ஆய்வகத்தில் எல்லோருக்கும் புரிந்திருக்கும். கொசு அளவுக்குழலைப் பார்த்தாள், கண்ணாடிக்குள் இருந்த ஈயைப் பார்த்தாள். எதிரே மேடம் நுண்ணோக்கியிலிருந்து தலையை நிமிர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயிலிருந்து குழாயை எடுத்தாள்.

“கெடச்சிருச்சும்மா! எடம் கெடச்சிருச்சு!”

ஈ வந்த வழியே வெளியே வந்து, ஒரு வட்டம் அடித்து, ஜன்னல் பக்கம் போனது.

“அப்பாடா,” என்றாள் அம்மா. “இன்னிக்கு வந்து நல்லாத் தூங்குவேன் பாப்பா.”

கொசு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தப்பிப்போன ஈயைத் தேடினாள், பிறகு குற்றம் செய்தவள் போல மேடத்தைப் பார்த்தாள். மேடம் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

“போகட்டும் விடு,” என்றார்.