மஞ்சள் வேட்டியில் கருவாட்டு வாசனை

இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் பங்காரு நைனாவின் மஞ்சள் வேட்டியிலிருந்து கருவாட்டு வாசனை குப்பென்று கிளம்பியது. பெட்டியைத் தூக்கிவிட்டேன். அவருடைய மாடி வீடு பூட்டி இன்றோடு ஆறு நாள். அங்கே குடியிருக்கும் ஜெபகுமாரி, மகள் எவாஞ்சலினைக் கூட்டிக்கொண்டு திருவாலங்காட்டில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அடுப்பே எரியாத வீட்டிலிருந்து வாசனை எப்படி வரும்?

இருபது வருஷமாக மலையடிவாரத்தில் இந்தத் தெருமுனையில்தான் என் இஸ்திரி வண்டி. கண்ணைக் கட்டிவிட்டாலும், சூடு பட்ட மாத்திரத்தில் எந்த வீட்டுத் துணி என்று சொல்லிவிடுவேன். வக்கீல் வீட்டுச் சட்டையில் பெருங்காயம். மிலிட்டரிக்காரர் வீட்டில் மூக்குப்பொடி. பங்காரு நைனா வீட்டில் புளிச்சகீரைத் தொக்கு, அதுவும் நல்லெண்ணெயில் பூண்டு போட்டு வதக்கியது. 'ஜெயம்மா மூக்கு தப்பாது' என்று தெருவே சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைகால் புரியாமல் போயிருந்தது.

எல்லாம் ஆரம்பித்தது, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க நைனா மாலை போட்ட நாலாம் நாள். நான் தேய்த்துக் கொடுத்த வேட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டிக்கு வந்தார்.

"இன்னா ஜெயம்மா இது, கருவாட்டு நாத்தம் வருது?"

நானும் யோசிக்காமல் வாயை விட்டேன். "மொட்டமாடியில தானே நைனா காயப் போடறீங்க. ஜெபா வீட்டு அடுப்பு ஜன்னல் அங்கதானே கீது."

அவ்வளவுதான். அன்றைக்கே மாடிப்படியில் நின்று சத்தம் போட்டார். ஜெபகுமாரி பொறுமையாகத்தான் சொன்னாள். "எனக்கு மீனே ஒத்துக்காது நைனா. வாயில வெச்சாலே உடம்பெல்லாம் தடிச்சுப் போயிடும். எங்க வீட்டுல வாங்கறதே இல்ல." யார் நம்பினார்கள்? வேதக்காரர் வீட்டில் கருவாடு இல்லாமல் இருக்குமா என்று தெருக்குழாயில் நாலு பேர் சிரித்தார்கள். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கிருத்திகை முடிந்த மறுநாள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நைனா முடிவாகச் சொல்லிவிட்டார். பெண் பத்தாவது படிக்கிறாள், பள்ளிக்கூடம் அடுத்த தெரு. ஜெபகுமாரி மூன்று இடத்தில் வீடு கேட்டாள். மூன்று பேரும் பேரைக் கேட்டதும் 'சொல்லி அனுப்பறோம்' என்றார்கள்.

கிருத்திகைக்கு இன்னும் மூன்றே நாள். நாளைக்கு அவள் திரும்பி வந்து மூட்டை கட்ட வேண்டும். இங்கே வேட்டியோ மணத்துக்கொண்டு கிடக்கிறது.

முதலில் என் புத்தி நைனா வீட்டு அடுப்படிக்குத்தான் போனது. மாலை போட்டுக்கொண்டு திருட்டுத்தனமாகவா? சேச்சே. அந்த மனுஷன் பூண்டைக்கூடத் தொடாமல் இருக்கிறார். இத்தனை நாள் அவசரத்தில் கவனிக்காததை இன்று கவனிக்கலாம் என்று சந்தேகத்தோடு அடுத்த துணியை எடுத்தேன். வக்கீல் சட்டை. பெட்டி பட்டதும் பெருங்காயத்தைத் தள்ளிக்கொண்டு கருவாடு வந்தது. பள்ளிக்கூடச் சீருடை, கருவாடு. மலைக்கோயில் குருக்கள் வீட்டுத் துண்டு. ஐயோ முருகா, அதிலும் கருவாடு.

என் முந்தானையை எடுத்து மோந்து பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. பெட்டியை எடுத்து முந்தானை ஓரத்தில் வைத்தேன். அதே கருவாடு.

அப்படியே வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு நாளாகச் சாயங்காலமானால் மழை. கிருத்திகைக்குத் தெருவே மஞ்சள் துணியைக் கொண்டுவந்து குவிக்கிறது. முடியாத துணியைத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி, மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறேன். ஒற்றை அறை வீடு. மூட்டை வைக்கப் பரண்தான் இடம். பரணுக்கு நேர் கீழே அடுப்பு. மழைக்காலத்தில் என் வீட்டு அடுப்பில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதிக்காத நாள் கிடையாது. ஈரத்துணி அத்தனையையும் குடித்திருக்கிறது. ஊர் வீட்டு வாசனையெல்லாம் தெரிந்த மூக்குக்கு என் வீட்டு வாசனை தெரியவில்லை.

தெருவில் வேறு யாரும் கேட்கவில்லையே என்றால், எப்படிக் கேட்பார்கள்? கருவாடு தின்கிறவர்கள் தங்கள் வீட்டு வாசனை என்று இருந்திருப்பார்கள். தின்னாதவர்கள் பக்கத்து வீட்டைத் திட்டியிருப்பார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும். வெளியே சொன்னால் குருக்கள் வீடும் வக்கீல் வீடும் இனி எனக்குத் துணி போடாது. சொல்லாவிட்டால் ஜெபகுமாரி கிருத்திகை முடிந்ததும் தெருவில் நிற்பாள். பெட்டியிலிருந்த கரியைக் கொட்டி அணைத்துவிட்டு நைனா வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காவடிக்கு மயிற்பீலி கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி புஷ்பலதா பக்கத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பரண், அடுப்பு, நெத்திலி, குருக்கள் வீட்டுத் துண்டு, ஒன்றுவிடாமல். "ஜெபாவை அனுப்பாதீங்க நைனா. தப்பு என்னுது. திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

புஷ்பலதாதான் முதலில் சிரித்தாள். பூக்கூடை கவிழ்ந்து உருள்கிற அளவுக்குச் சிரித்தாள். "குருக்கள் துண்டிலயுமா?" என்று கேட்டு மறுபடி சிரித்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "கோவம் ஏன் வந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நைனா மயிற்பீலியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாத்தம்னு கோவம் இல்ல ஜெயம்மா," என்றார், குரலை இறக்கி. "வேட்டியக் கட்டினா வாயில தண்ணி ஊறுது. சாமி முன்னால நின்னுகினு கும்பிடறேன், கண்ணுக்குள்ள கொழம்பு கொதிக்குது. அந்த ஆத்திரத்தை எங்க காட்டறதுன்னு தெரியாம அந்தப் பொண்ணு மேல காட்டிட்டேன்."

"நல்லா இருக்குது நியாயம்," என்றாள் புஷ்பலதா. "நாளைக்கு அவ வந்ததும் நீங்களே போய்ச் சொல்லுங்க."

போனார். மறுநாள் மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஜெபகுமாரியின் பையை வாங்கித் தானே மாடிக்குத் தூக்கிப் போனார். "தப்பா பேசிட்டேம்மா. எங்கயும் போவாதே, இங்கயே இரு," என்றாராம். அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது. நேராக என்னிடம் வந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அக்கா, என்னைப் பாத்து நீங்களும் சிரிச்சீங்க," என்றாள். தலை குனிந்துகொண்டேன். வண்டியில் குவிந்திருந்த துணியைப் பார்த்தாள். "மூட்டையை இனிமே பரண்ல வைக்காதீங்க. எங்க வீட்டு முன்ரூம் காலியாத்தான் கீது, அங்க வெச்சிக்குங்க."

தெரு என்னை விடவில்லை. குருக்கள் வீட்டம்மா துண்டை மூன்று தரம் துவைத்தாளாம். ஆனாலும் துணி வந்தது. இரண்டு வாரம் கேலி பேசினார்கள், அவ்வளவுதான்.

கிருத்திகை முடிந்து, மாலையைக் கழற்றிய மறுநாள் காலையில் நைனா சட்டை வாங்க வந்தார். இரண்டு நாளாக ஜெபகுமாரி வீட்டு முன்ரூமில் இருந்த சட்டை. சூடு ஆறாமல் கையில் கொடுத்தேன். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு மூக்கருகே கொண்டுபோனார்.

"சாம்பார்," என்றார். முகம் வாடிவிட்டது.

நான் குனிந்து வண்டிக்கு அடியிலிருந்து தூக்குப் போணியை எடுத்தேன். காலையில் வைத்த நெத்திலிக் குழம்பு. வாங்கிக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டையைப் பிரித்துப் போணிமேல் போர்த்தி, மார்போடு அணைத்துக்கொண்டு தெருவோடு நடந்தார். அவர் போகப் போக, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது.