எந்தத் தலைப்பில் அனுப்புவது?

குப்பன் பஸ் கண்ணாடியை உடைத்தபோது காலை எட்டேகால். கூடுவாஞ்சேரி போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு தசரதன் அப்போதுதான் டீ கிளாஸைக் கையில் எடுத்திருந்தார். இரண்டு வாய் குடிப்பதற்குள் டிரைவர், கண்டக்டர், வேலைவெட்டி இல்லாத பத்துப் பேர் என்று ஒரு திருவிழாவே உள்ளே நுழைந்துவிட்டது. நடுவில் குப்பன். சட்டை கிழிந்து தொங்கியது. முகத்தில் மட்டும் துளி பயமில்லை.

"நிறுத்துன்னு கை காட்டுனேன். நிறுத்தல," என்றான், குற்றவாளி பஸ்தான் என்பதுபோல.

ஜி.எஸ்.டி. ரோட்டில் அவனைத் தெரியாதவர்கள் கிடையாது. மனம் தெளிந்திருக்கும் நாட்களில் மார்க்கெட்டில் மூட்டை இறக்குவான். கலங்கிவிட்டால் ரோட்டு நடுவில் நின்று போகிற வண்டியை எல்லாம் மறிப்பான். எட்டு வருஷமாக இப்படித்தான். கல்லெடுத்தது இதுதான் முதல் தடவை.

"கண்ணாடிக்கு டிப்போல என் சம்பளத்துல கை வெப்பாங்க சார். எனக்கு ஸ்டேஷன் பேப்பர் வேணும்," என்றார் டிரைவர் யேசுதாசன்.

சப்-இன்ஸ்பெக்டர் தட்சிணாமூர்த்தி இளைஞர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. சிக்கல் என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. "கேஸ் எழுதி ரிமாண்ட் பண்ணிடுங்க, ஏட்டு. மதியத்துக்குள்ள முடிஞ்சிடும்," என்று சொல்லிவிட்டு ஃபைலைப் பிரித்துக்கொண்டார்.

தசரதன் பேனாவைத் திறந்தார். எழுத வரவில்லை.

பத்து வருஷத்துக்கு முன், தாம்பரத்தில் கான்ஸ்டபிளாக இருந்தபோது, இதே கை தேவானந்தம் என்பவன் மேல் ஒரு கேஸ் எழுதியது. யாருடைய சைக்கிளையோ ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கேட்டால் தேவதூதர் கொடுத்தார் என்றான். நல்லபடியாக விசாரணை நடந்திருந்தால் ஆறு மாசம் கிடைத்திருக்கும். ஆனால் புத்தி தெளியாதவனை விசாரிக்க முடியாது என்று கோர்ட் வாய்தா போட்டது. ஜெயிலில் வைத்தியம் பார்க்க ஆளில்லை. வைத்தியமில்லாமல் புத்தி தெளியவில்லை. புத்தி தெளியாததால் மறுபடியும் வாய்தா. போன வருஷம் வேறொரு கைதியை ஜெயிலுக்குக் கொண்டுபோனபோது தசரதன் அவனைப் பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. "சார், என் சைக்கிள் கேஸ் இந்த மாசம் வந்துடும்ல?" என்று கேட்டான்.

குப்பனின் அக்கா சரசு ஓடிவந்தாள். காட்டாங்குளத்தூரில் காலேஜ் ஹாஸ்டலைப் பெருக்குகிறவள், துடைப்பத்தைக்கூடக் கீழே வைக்காமல் வந்திருந்தாள். யாரிடமும் கெஞ்சவில்லை. தம்பி பக்கத்தில் குந்தி, அவன் தலைமுடியில் ஒட்டியிருந்த கண்ணாடித் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டாள்.

"ஜெயிலுக்கா அனுப்பப் போறீங்க, ஏட்டையா?" என்று மட்டும் கேட்டாள்.

தசரதன் எழுந்து சப்-இன்ஸ்பெக்டர் மேசைக்குப் போனார். "ஐயா, மனநோயாளிங்களுக்குப் புதுச் சட்டம் வந்து ஒரு வருஷம் ஆச்சு. இந்த மாதிரி ஆளை ஒரு நாளைக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தினா, அவரே கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு ஆர்டர் போடலாம்."

"சர்க்குலர் நானும் படிச்சேன். எந்தச் செலவுத் தலைப்புல அனுப்புவீங்க? வண்டி கிடையாது, எஸ்கார்ட்டுக்குப் படி கிடையாது. சட்டம் வந்துச்சு, அலாட்மென்ட் வந்துச்சா?"

"கைதின்னா ரயில் வாரண்ட் தர்றாங்க, சோத்துக்குப் பணம் தர்றாங்க. ரோட்டுல செத்துக் கிடந்தாக்கூட வண்டி வெச்சு எடுத்துப் போகப் பணம் கீது. உசுரோட சீக்கா இருந்தா மட்டும்தான் ஐயா ஒண்ணும் இல்ல."

சப்-இன்ஸ்பெக்டர் ஃபைலை மூடினார். யேசுதாசன் தொண்டையைக் கனைத்தார். "இவன் உள்ள போவணும்னு எனக்கு இன்னா சார் வேண்டுதலா? புகார் வாங்கிக்கினோம்னு சீல் வெச்சு ஒரு ரசீது குடுங்க, டிப்போக்கு அது போதும். கேஸ் வாணாம்னு நானே எழுதித் தர்றேன்."

"நாளைக்கு மேலேர்ந்து கேட்டா உங்க தலைதான் உருளும், ஏட்டு," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"உருளட்டுங்க ஐயா," என்றார் தசரதன். பென்ஷனுக்கு இன்னும் ஆறு வருஷம் இருந்தது.

தசரதனும் அக்கா தம்பியும் செங்கல்பட்டுக்கு ரயிலேறினார்கள். அரசு டாக்டரிடம் சான்று வாங்கி, கோர்ட்டில் காத்திருந்து, மாஜிஸ்திரேட் அறைக்குள் போகும்போது மணி மூன்று. வாயைத் திறக்கக் கூடாது என்று வழியெல்லாம் சரசு தம்பிக்குச் சொல்லிக்கொண்டே வந்திருந்தாள்.

"பேர் என்ன?" என்றார் மாஜிஸ்திரேட்.

"குப்பன். பஸ் கண்ணாடிய நான்தான் ஒடச்சேன். சொல்லக் கூடாதுன்னு அக்கா சொல்லிச்சு."

சரசு கண்ணை மூடிக்கொண்டாள். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன ஏட்டு இது? கேஸ் ஏன் போடலை?"

வரும் வழியில் தசரதன் இதற்கு நாலைந்து பொய் தயார் செய்து வைத்திருந்தார். ஒன்றும் வாயில் வரவில்லை. "போட்டா இவன் எப்ப வெளிய வருவான்னு தெரியாதுங்க ஐயா. முன்னாடி இப்படி ஒருத்தன் மேல எழுதினேன். ஒரு சைக்கிளுக்கு. பத்து வருஷம் ஆச்சு, இன்னும் வரல."

மாஜிஸ்திரேட் டாக்டர் சான்றை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். பிறகு ஆர்டரில் கையெழுத்துப் போட்டு, அடியில் போக்குவரத்துச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார். அந்த வரி எத்தனை மேசைகளில் தூங்கி எழுந்து வருமோ, தசரதனுக்குத் தெரியாதா என்ன? மரியாதையாக வாங்கிக்கொண்டு, ரயில்வே ஸ்டேஷனில் கீழ்ப்பாக்கம் போக மூன்று டிக்கெட் தன் பையிலிருந்தே எடுத்தார். போய்வா என்று அனுப்பிவிட்டால் சரசுவும் தம்பியும் எந்த வாசலில் நிற்பார்கள்?

மின்சார ரயில் சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டியது. குப்பன் ஜன்னலோரம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். யூனிஃபார்மைப் பார்த்ததும் எதிரில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போய்விட்டார்கள். பரிசோதகர் வந்தார், தசரதனைப் பார்த்தார், குப்பனைப் பார்த்தார்.

"கைதியா சார்? விலங்கு போடலையா? வாரண்டைக் குடுங்க."

"கைதி இல்ல சார். பேஷன்ட்டு," என்று தசரதன் டிக்கெட்டுகளை நீட்டினார். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போறோம்."

எட்டு வருஷமாகப் பைத்தியம், லூசு, கேஸு என்று எத்தனையோ பேர் அவள் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து அழாத சரசு, புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள்.

"எதுக்குக்கா அழுவுற?" என்றான் குப்பன். "அவரு டிக்கெட்டு வாங்கிட்டாரு."