யாரும் கேட்காத நிறம்

என் சிநேகிதன் மெர்லுடைய காரைப் பற்றி நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நாள் ஒன்று இருந்தது. திறக்கவில்லை. அதனால் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

பழைய கார்களைச் சோதித்து விலை சொல்வது என் வேலை. அதற்கு முன் மெர்லும் நானும் சாகினா ஊரின் இரும்பு வார்ப்பு ஆலையில் பக்கத்துப் பக்கத்து உலையில் இருபத்தாறு வருஷம் நின்றவர்கள். 1970ஆம் வருஷம் அவன் ப்ளிமத் குடா என்ற வேகக் கார் ஒன்றை வாங்கினான். ஹெமி என்ற ராட்சத எஞ்சின், கையால் மாற்றும் நாலு கியர். நிறம் மட்டும் காய்ந்த புகையிலை மாதிரி ஒரு பழுப்பு. அந்த நிறத்தை யாரும் கேட்கவில்லை. கடைக்காரன் எட்டு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் குறைத்து இவன் தலையில் கட்டினான். வார்ப்பாலை முழுக்கச் சிரித்தது. "என்ன மெர்ல், கார் வாங்கினியா, இல்ல சவப்பெட்டி வாங்கினியா?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

முப்பத்தைந்து வருஷம் கழித்து அந்தப் பழுப்பே தங்கமாகிப் போனது. சிவப்பும் ஊதாவும் வேண்டும் என்று எல்லாரும் கேட்டு வாங்கியதால் அவை நிறையக் கிடக்கின்றன. பழுப்பில், அந்த எஞ்சினோடு, அந்த கியரோடு வந்தவை எத்தனை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மெர்லுடைய காரில் பெயின்ட் கூட தொழிற்சாலையில் அடித்ததே. எஞ்சின் கட்டையில் பொறித்த எண்ணும் காரின் எண்ணும் ஒன்று. பின் சீட்டுக்கு அடியில், ஸ்பிரிங்குகளுக்கு நடுவே, தொழிலாளிகள் செருகிவிட்டுப் போன தயாரிப்புத் தாள் எலி கடித்தபடி அப்படியே இருந்தது; காருக்கு அது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. 2005 இலையுதிர் காலத்தில் நான் அதைச் சோதித்தேன். அரிசோனாக்காரர் ஒருவர் மூன்று லட்சத்துப் பத்தாயிரம் டாலர் தருவதாகச் சொன்னார்.

மெர்ல் சிரித்தான். "குடுக்க மாட்டேன். இன்னும் ஏறட்டும்." பிறகு என் சட்டையைப் பிடித்தான். "இந்த விலை உன் வாயிலேருந்து வெளிய வந்துச்சு, அவ்ளோதான். ரோண்டாவுக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா நான் எப்ப சாவேன்னு நாள் எண்ண ஆரம்பிச்சிடுவா." சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

ரோண்டா அவனுடைய ஒரே மகள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். விவாகரத்தான பிறகு நாலு தெரு தள்ளி ஒரு சின்ன வீட்டை வாங்கிக்கொண்டு தனியாக இருந்தாள். வாரம் மூன்று நாள் வந்து அவனுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போவாள். யாருடைய சாவுக்கும் நாள் எண்ணுகிற பெண் இல்லை.

அடுத்த பிப்ரவரியில் மெர்லுக்குப் பக்கவாதம் வந்தது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியும் பயிற்சி சிகிச்சை நிலையமுமாகக் கிடந்தான். ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். இழுவை லாரி ஒன்றின் மேல் பழுப்புக் கார் போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே ரோண்டாவின் வண்டி. என்னைப் பார்த்து நிறுத்தினாள்.

"கஸ் மாமா, அப்பாகிட்ட மூச்சு விட்றாதீங்க! டென்னியோட கார் ரிப்பேர் கடைக்கு அனுப்புறேன். அவர் வீட்டுக்கு வர்ற அன்னைக்குப் புதுசு மாதிரி நிக்கணும்."

"என்ன பண்ணப் போற?"

"எல்லாம்தான். வங்கில கடன் போட்டுட்டேன். அந்த நிறம் கண்றாவியா இருக்குல்ல? பாவம், வாங்குன நாள்லேருந்து அதுக்காகவே கேலி பேச்சு வாங்கிட்டிருக்காரு."

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறோமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். இரண்டு வாரம் கழித்து டென்னி கடைக்கே போனேன். கார் பெயின்ட் எல்லாம் சுரண்டப்பட்டு, சாம்பல் பூச்சோடு அம்மணமாக நின்றது. ஒரு கதவு மட்டும் இன்னும் பழுப்பு. எனக்கும் அதே மாதிரி ஒரு கார் இருந்தது; கூரை ஒழுகிய வருஷம் ஆயிரத்து எண்ணூறுக்கு விற்றுத் தொலைத்தேன். அந்தச் சாம்பல் காரைப் பார்த்தபோது என் நெஞ்சுக்குள் ஏதோ இதமாக இறங்கியது. டென்னி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அந்தக் காரின் மதிப்பு அவனுக்கும் தெரிந்திருந்தது. இருவரும் ஆளுக்கு ஒரு காப்பி குடித்தோம். வானிலையைப் பற்றிப் பேசினோம். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெர்ல் சக்கர நாற்காலியில் வீடு திரும்பினான். இருபது பேர் கூடியிருந்தோம். பெரிய கேக், பலூன்கள், அடுப்பில் இறைச்சி. ரோண்டா அவனைக் கார் கொட்டகைக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போய், கதவைத் தூக்கினாள். உள்ளே ஊதா நிறத்தில், கண்ணாடி போலப் பளபளத்து நின்றது கார். எல்லாரும் கைதட்டினார்கள்.

மெர்ல் தலையைக் குனிந்துகொண்டான். அழுகிறான் என்று நினைத்து ரோண்டா அவன் தோளை அணைத்தாள். அவன் நல்ல கையால் அவளைத் தள்ளினான்.

"கஸ், இங்க வா."

போனேன்.

"எஞ்சின் மூடியைத் திற. பாத்துச் சொல்லு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

எஞ்சின் புத்தம் புதிது. அதிலிருந்த எண்ணுக்கும் காரின் எண்ணுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. "எஞ்சின் வேற, மெர்ல்" என்றேன்.

"பழசு தட்டுது, புகையுதுன்னு டென்னிதான் சொன்னாரு" என்றாள் ரோண்டா, இன்னும் சிரிப்பு மாறாமல். "அதை எடுத்துக்கிட்டு, புதுசுல ரெண்டாயிரம் குறைச்சாரு. நல்ல மனுஷன்."

"சீட்டைத் தூக்கு, கஸ்."

புதுத் தோல், புது ஸ்பிரிங். தாள் இல்லை.

"சீட்டுக்கடியில ஒரு பேப்பர் இருந்துச்சே, எங்க?"

"எலி கடிச்ச குப்பையா? தூக்கிப் போட்டாச்சுப்பா."

மெர்ல் என்னைப் பார்த்தான். "போன வருஷம் இதுக்கு எவ்ளோ தர்றேன்னாங்க? சொல்லு."

"மெர்ல், இன்னொரு நாள் பேசலாம்."

"சொல்றா!"

"மூணு லட்சத்துப் பத்தாயிரம்."

யாரோ விசிலடித்தார்கள். ரோண்டாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுக்க மறந்துபோன மாதிரி.

"இப்ப?"

"எழுபதாயிரம் வரும். ஆள் கிடைச்சா எண்பது."

"கேட்டியாடி?" என்றான் மெர்ல். பக்கவாதம் அவன் வாயை ஒரு பக்கம் இழுத்திருந்தது. "எல்லாருக்கும் கேக் குடு. இருபது பேர் இருக்காங்க. தலைக்குப் பன்னெண்டாயிரம் டாலர் கேக்கு. ரசிச்சுச் சாப்பிடச் சொல்லு."

அவள் குடுத்தாள். அதுதான் என்னால் மறக்க முடியாதது. வெட்டி வெட்டி, எல்லாருக்கும் தட்டில் வைத்துக் குடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து டென்னி ரோண்டாவுக்குப் போன் பண்ணினான். பழைய எஞ்சின் அவனிடம் பத்திரமாக இருக்கிறதாம். அந்தக் கட்டையிலுள்ள எண் வேறு எந்தக் காருக்கும் பொருந்தாது. இந்தக் காருக்கு மட்டும் அது உயிர். அது அவனுக்கும் தெரியும். அறுபதாயிரம் கேட்டான். ரோண்டா அவன் கடைக்குப் போய்க் கெஞ்சினாள்.

"ரசீதைப் பாரும்மா" என்றானாம் டென்னி. "பழைய எஞ்சின் கடைக்குன்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்க. நானா உன் கையைப் புடிச்சு எழுத வெச்சேன்?"

மெர்லிடம் பணம் இருந்தது. ஆனாலும் ஒரு காசு எடுக்கவில்லை. "உடைச்சவ ஒட்டட்டும்" என்றான். ரோண்டா தன் வீட்டை விற்றாள். வங்கிக் கடன் போகக் கையில் வந்தது போதாமல், பேருந்து வேலையில் சேர்த்துவைத்திருந்த ஓய்வுப் பணத்தையும் காலத்துக்கு முன்பே, அபராதம் கட்டி எடுத்தாள். எஞ்சின் வந்தது. எண்ணைச் சரிபார்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். சரியாக இருந்தது. அதற்கு நான் இருநூறு டாலர் கூலியும் வாங்கிக்கொண்டேன்.

எஞ்சின் திரும்பினாலும் பெயின்ட் திரும்பவில்லை, தாள் திரும்பவில்லை. மறுபடி பழுப்பு அடித்தால் அது பழுப்பு அடித்த கார். பழுப்பாகப் பிறந்த கார் அல்ல. அதே அரிசோனாக்காரர் ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார். மெர்ல் மகளுக்கு எதுவும் தரவில்லை.

வீடு போனதால் ரோண்டா அப்பன் வீட்டுக்கே குடிவந்தாள். அவனைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், படுக்கையில் புரட்டிப் போட்டாள். தினமும் காலையில் அவள் ஓட்ஸ் கிண்ணத்தோடு உள்ளே வரும்போது மெர்ல் ஒன்று மட்டும் சொல்வான்: "மூணு லட்சத்துப் பத்தாயிரம்." வேறு காலை வணக்கம் கிடையாது. ஒரு நாள் நான் உடனிருந்தேன்.

"விடேன் மெர்ல், அவளும் மனுஷிதானே" என்றேன்.

"நீ வாயை மூடு. உனக்கு என்ன நஷ்டம்?" என்றான்.

அவள் அவன் கழுத்தில் துண்டைக் கட்டினாள்.

மூன்று வருஷம் அப்படியே போயிற்று. 2009 மார்ச்சில் மெர்ல் செத்தான். வீடும் பணமும் டெக்சாஸில் இருந்த அண்ணன் மகனுக்கு என்று எழுதி வைத்திருந்தான். அந்தப் பையன் அடக்கத்துக்குக்கூட வரவில்லை, வக்கீலைத்தான் அனுப்பினான். ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ரோண்டாவிடம் அவர் அங்கேயே ஒரு கடிதம் கொடுத்தார். அவள் அதை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வந்தவர்களுக்கெல்லாம் உணவு பரிமாற நின்றாள்.

நான் காகிதத் தட்டோடு வரிசையில் வந்தேன். பன்றி இறைச்சித் துண்டு இரண்டும் உருளைக்கிழங்கு சாலடும் வைத்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"மாமா, காருக்குப் பாதி பெயின்ட் சுரண்டியிருந்தப்ப நீங்க கடைக்கு வந்தீங்கன்னு டென்னி சொல்றான். நெசமா?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

"வந்தேன்."

"விலை தெரியுமா அப்ப?"

"தெரியும்."

"ஒரு கதவு மிச்சம் இருந்துச்சாமே. எஞ்சினும் அங்கயே இருந்துச்சாமே."

"இருந்துச்சும்மா. எனக்கு... மெர்லுக்கு மட்டும் அவ்வளவு அதிர்ஷ்டமான்னு இருந்துச்சு. உன்னை நான் நினைக்கவே இல்ல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். என் கையிலிருந்த தட்டை மெதுவாக வாங்கினாள். பக்கத்தில் இருந்த குப்பைத் தொட்டியில் அதைக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் நின்ற கிழவியைப் பார்த்து, "வாங்க, உங்களுக்கு இறைச்சி வைக்கவா?" என்றாள்.

நான் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கிழவி என்னை முழங்கையால் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள்.